முழங்கால் அடிபட்ட மிட்ஃபீல்டர் கோச் ஆகலாமா? காலித் ஜமீல் பாதை பற்றி ஒரு கேள்வி

பாமணிக்கரை (மன்னார்குடி):

வணக்கம். சென்னை ஃபுட்பால் லீக்கில் ஒரு ஆபீஸ் டீமுக்கு மிட்ஃபீல்டில் ஆடிக்கொண்டிருந்தேன். முழங்காலில் லிகமெண்ட் கிழிந்து ஆபரேஷன் ஆனது. ஓட முடிகிறது, சட்டென்று திரும்ப முடியவில்லை. ஊருக்கே வந்துவிட்டேன். சாயங்காலம் ஆனால் ஸ்கூல் பையன்கள் பந்தோடு வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இருக்கிற சந்தோஷம் வேறு எதிலும் இல்லை. வீட்டிலோ, "இந்தியாவுக்கு ஆடினவங்களுக்கே வேலை இல்லை, உனக்கு யாரு குடுப்பா?" என்கிறார்கள். காலித் ஜமீல் இந்திய டீம் கோச் ஆனதிலிருந்து அவரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன். எல்லோரும் மிசோரம் டீம் ஐஸ்வாலைச் சாம்பியன் ஆக்கிய கதையைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் என்ன செய்தார்? பெரிய ஆட்டக்காரராக இருந்ததால்தான் இதெல்லாம் நடந்ததா?

பொன்மலை ஸ்டாப்பர் (திருச்சி):

தம்பி, ஐஸ்வாலுக்கு முன்னால் நடந்ததைக் கேட்டாய் பார், அதுதான் சரியான கேள்வி.

காலித் 1977ல் குவைத்தில் பிறந்தவர். ஆடியது மஹிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா என்று மும்பை டீம்களில். உன்னைப் போலவே மிட்ஃபீல்டர். இந்தியாவுக்கும் ஆடியிருக்கிறார். ஆனால் காயம் அவரை விடவில்லை. கடைசியாக மும்பை எஃப்சியில் இருந்தார். 2009ல் அதே கிளப்புக்குக் கோச் ஆகிவிட்டார். வயது 32தான்.

அங்கேயே 2016 வரை இருந்தார். ஒரு லீக் கோப்பைகூட இல்லை. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், டெம்போ மாதிரி பெரிய கைகளுக்கு நடுவில் சின்ன பட்ஜெட் டீம். வேறு இடத்தில் வேண்டாம் என்று விட்ட பையன்களைச் சேர்த்து, முதலில் கோல் வாங்காமல் நிற்கக் கற்றுக்கொடுத்து, வருஷா வருஷம் ஐ-லீக்கில் (அப்போது நாட்டின் முதல் நிலை லீக்) தக்கவைத்தார். அவர் போன மறு சீசனே, 2016-17ல், மும்பை எஃப்சி கடைசி இடத்துக்குப் போய் லீக்கை விட்டு இறங்கியது. அதே சீசனில் ஐஸ்வால் சாம்பியன்! அவர் மதிப்பு என்னவென்று எனக்குப் புரிந்தது இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான்.

ஐஸ்வாலும் முந்தின சீசனில் இறங்கிப்போன டீம். கோவா கிளப்புகள் விலகியதால் திரும்ப உள்ளே வந்தது. மும்பையில் தன்னிடம் ஆடிய அஷுதோஷ் மேத்தாவையும் ஜயேஷ் ராணேவையும் காலித் அங்கே சேர்த்துக்கொண்டார். (ராணே நம் சென்னையின் எஃப்சியிலும் இருந்தவர்.) நடுவில் சிரியாக்காரர் அல் அம்னா, சுற்றிலும் மூச்சு விடாமல் ஓடும் மிசோ பையன்கள். கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் மோகன் பகானை 1-0 என்று ஜெயித்தார்கள். ஸ்டாப்பர், அதாவது நடுவில் தடுத்து ஆடுகிற ரால்டே தலையால் முட்டிய கோல். ஸ்டாப்பர் கோல் போட்டால் எனக்கு ஒரு தனி சந்தோஷம், அதை விடு. கடைசி நாள் ஷில்லாங்கில் 1-1 டிரா, ஒரே பாயிண்டில் கோப்பை. அந்தப் பொறுமை மும்பையில் வந்தது.

கொள்ளிடம் கீப்பர் (சீர்காழி):

அண்ணே, மதிப்பு எனக்கும் உண்டு. ஆனால் தம்பிக்கு முழுசாகச் சொல்லுங்கள். 2021ல் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டைப் பாதியில் எடுத்து, தோற்காமலே இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதி வரை கொண்டுபோனார். அடுத்த சீசனில் அதே டீம் 11ல் 10வது இடம். இந்திய டீமுக்கு 2025 ஆகஸ்டில் வந்தார். மத்திய ஆசியப் போட்டியில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாமிடம், அருமை. அப்புறம் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2, டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. எதிராளி பந்தை நம்மிடம் விட்டுவிட்டால் அவர் டீமுக்குத் திணறல் வருகிறது. சின்ன டீமைக் காப்பாற்றுவது ஒரு வேலை, ஜெயிக்க வேண்டிய டீமை ஆடவைப்பது வேறு வேலை.

இன்னொன்று. 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டில் நமக்குத் தங்கம் வாங்கித் தந்த கோச் ரஹீம் சாகிப் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியர். பெரிய ஆட்டக்காரராக இருந்தே ஆக வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

பொன்மலை ஸ்டாப்பர்:

கீப்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இடையில் ஜாம்ஷெட்பூர் டீமை 2025 சூப்பர் கப் இறுதிவரை கொண்டுவந்தவரும் அவர்தான். அங்கே எஃப்சி கோவாவிடம் 0-3 என்று தோல்வி. ஒருவரை ஒரு வருஷத்தை வைத்து எடை போட முடியாது, அவ்வளவுதான் என் வாதம்.

பி.டி. வாத்தியார் (திருவாரூர்):

தம்பி, வேலைக்கு வருகிறேன். முதலில் ஏஐஎஃப்எஃப் (இந்திய ஃபுட்பால் சங்கம்) தரும் டி கோச்சிங் லைசென்ஸ் எடு. அதற்கு மேலே ஏஎஃப்சி (ஆசிய ஃபுட்பால் சங்கம்) லைசென்ஸ்கள்: சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கையில் ஒரு டீம் இருக்க வேண்டும், அதனால் அந்தப் பையன்களை விட்டுவிடாதே. சம்பளம் தொடக்கத்தில் வராது. ஏதாவது பள்ளியில் பகுதிநேரமாகச் சேர்ந்துகொள்.

நம் பக்கத்தில் மைதானம்தான் பெரிய பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகையில் சேறு. தை, மாசியில் கொள்முதல் நெல் மூட்டையை அடுக்கிவிடுவார்கள். அறுத்த வயலில் ஆடலாம் என்றால் தாளுக்குள்ளேயே உளுந்து தெளித்திருப்பார்கள். நான் கோடையில் ஆற்று மணலில் ஓடவிடுவேன், கணுக்காலுக்கு அவ்வளவு பலம். ஆனால் பந்து உருளாது, பாஸிங்கை அங்கே பழக்காதே. மழைக்காலத்தில் பள்ளி வராண்டாவில் சின்னப் பந்தை வைத்து முதல் டச் மட்டும் பழக்கு. உன் முழங்காலைச் சாக்காக வைத்து உட்கார்ந்துகொண்டு கத்தாதே, பாஸை நீயே போட்டுக் காட்டு.

பாமணிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் சார், எங்கள் ஸ்கூல் மைதானத்திலும் இப்போது மூட்டைதான். ஹெட்மாஸ்டரிடம் வராண்டாவைக் கேட்கிறேன். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பையன்களாகத்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாலாம் நம்பர் பந்து போதுமா, ஐந்தாம் நம்பரா?

பி.டி. வாத்தியார்:

பன்னிரண்டு வரை நாலு. பதிமூன்றிலிருந்து ஐந்து. வராண்டாவுக்கு மூன்றாம் நம்பர் வாங்கு, ஜன்னல் தப்பிக்கும்.