முட்டி நிற்கும் 40 அடித் தெருவைத் திறந்து "கலெக்டர் ரோடு" ஆக்கப் போகிறார்களாம். எதை முதலில் பார்ப்பது?

நாலாவது மெயின்:

2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த தென்புறப் பகுதி. மனைப்பிரிவின் 4-வது பிரதான தெரு வரைபடப்படி 12 மீட்டர் அகலம், 620 மீட்டர் நீளம். மேற்குக் கோடியில் காம்பவுண்டு சுவர். சுவருக்கு அந்தப்புறம் பக்கத்து மனைப்பிரிவின் 9 மீட்டர் தெரு, நேராக மெயின் ரோட்டுக்குப் போகிறது. சுவரை எடுத்து இரண்டையும் இணைத்து, உள்ளூர்த் தெரு என்பதைக் கலெக்டர் சாலை (உள்தெரு வண்டிகளைப் பெரிய சாலையில் சேர்க்கும் சாலை) என்று வகை மாற்றலாம் என்று பேச்சு.

கிழக்கு வாசலில் காலை 8.30 முதல் 9.30 வரை எண்ணிய கணக்கு: இரு சக்கர வாகனம் 420, கார் 110, ஆட்டோ 60, குட்டி லோடு வண்டி 10.

வகை மாறினால் நடைமுறையில் என்ன மாறும்? சுவரை எடுக்க யாருக்கு உரிமை? இந்தத் தெரு கூடுதல் போக்குவரத்தைத் தாங்குமா?

புலப்படம்:

சுவரை விடுங்கள், சுவருக்கு அடியில் இருக்கும் நிலம் யாருடையது என்று பாருங்கள். இந்த மாதிரி இணைப்புகள் பாதிக்கு மேல் அங்கேதான் சிக்கும்.

பழைய மனைப்பிரிவுகளில் ஒரு தந்திரம் உண்டு. தெருவை எல்லை வரை கொண்டுபோகாமல் கடைசியில் ஒரு அடி அகலத்துக்கு ஒரு துண்டை, மனை போட்டு விற்கும் புரமோட்டர் தன் பேரிலேயே நிறுத்திக்கொள்வார். பக்கத்து நிலத்துக்காரர் நாளைக்கு மனை போட்டால், வழி வேண்டி இவரிடம்தானே வந்தாக வேண்டும்! 12 மீட்டர் தெருவுக்கு அந்தத் துண்டு மொத்தமே 3.7 சதுர மீட்டர், 40 சதுர அடிகூட நிறையாது. கார் நிறுத்தக்கூடப் போதாத அந்த இடம் ஒரு கிலோமீட்டர் சாலையை முடக்கிவிடும்.

அதனால் இரண்டு மனைப்பிரிவுகளின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடங்களையும் அவற்றின் சர்வே எண்களுக்குரிய எஃப்.எம்.பி.யையும் (வருவாய்த் துறையின் நில அளவைப் படம்) எடுத்து ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். பொது எல்லைக் கோட்டில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த உட்பிரிவுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். 10 வருடம் பார்த்தால் பத்தாது, மனைப்பிரிவு அங்கீகாரம் வாங்கிய நாளுக்கு முன்பிருந்தே பார்க்க வேண்டும்.

அடுத்தது தானப் பத்திரம். அந்தக் காலத்தில் சாலைகளை ஊராட்சி பேருக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் பட்டா மாறியிருக்காது. வருவாய்க் கணக்கில் இன்னமும் பழைய உரிமையாளர் பெயர் நின்றால், சுவரில் கடப்பாறை பட்ட மறுநாளே தடை ஆணை வரும். பத்திர எண்ணை வைத்து மாநகராட்சி பேருக்குப் பட்டா மாற்றிய பிறகுதான் மற்ற வேலை.

குறுக்கே ஓ.எஸ்.ஆர். இடமோ (மனைப்பிரிவில் பொதுவுக்கென்று ஒதுக்கிய திறந்தவெளி) பூங்காவோ இருந்தால் இணைப்பை வேறு தெருவில் தேடுங்கள். பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குத் திருப்பியதையே பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

துண்டு தனியார் பேரில் இருந்தால் பேசி விலைக்கு வாங்குவது சீக்கிரம் முடியும். 39 சதுர அடிக்கு 2013 நிலம் எடுப்புச் சட்டத்தில் இறங்குவது கொசுவுக்குப் பீரங்கி. ஆனாலும் பேச்சு முறிந்தால் அந்த வழி இருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிந்திருப்பது நல்லது.

பீக் அவர்:

முதல் கேள்விக்கு வருகிறேன். கலெக்டர் என்றால் ஆட்சியர் அல்ல, அதை முதலில் தெருக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள். உள்தெருக்களின் வண்டிகளைத் திரட்டி பெரிய சாலையில் கொண்டு சேர்க்கும் சாலை, அவ்வளவுதான். ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) அளவுகளில் இதற்கு நில அகலம் 20 முதல் 30 மீட்டர், உள்ளூர்த் தெருவுக்கு 10 முதல் 20. ஆக 12 மீட்டர் தெரு புத்தகப்படி கலெக்டர் ஆகவே முடியாது. வேலையில் மட்டும் ஆக்கலாம்.

மாநகராட்சிக்குள் நிஜமான வகை மாற்றம் வேறு: உட்புறச் சாலை என்ற பட்டியலிலிருந்து பேருந்துத் தடச் சாலை என்ற பட்டியலுக்குப் போவது. அப்போது பராமரிப்பு மண்டல அலுவலகத்தின் கையைவிட்டு தலைமையிடத்துத் துறைக்குப் போகும். கூட்டத்தில் யாராவது "வகை மாற்றம்" என்றால், எந்தப் பட்டியலில் என்று கேளுங்கள்.

கட்டட விதி பயம் நிறைய பேருக்கு இருக்கும். 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அகலத்தைத்தான் பார்க்கின்றன, பெயரைப் பார்ப்பதில்லை. 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 3.25 (அதாவது மனைப் பரப்பைப் போல் 3.25 மடங்கு தளப்பரப்பு) வேண்டுமானால் சாலை 18 மீட்டர் இருக்க வேண்டும். கலெக்டர் என்று பலகை மாட்டினாலும் 12 மீட்டர் 12 மீட்டர்தான். ஆனால் பெயரோடு சேர்த்து அகலப்படுத்தும் கோடு ஒன்றையும் வரைபடத்தில் போட்டால், அது வேறு கதை. அந்தக் கோடு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது உங்கள் எண்ணிக்கை. ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று ஐ.ஆர்.சி. 106 என்ற நூல் சொல்லும் கணக்குப்படி (மொத்த வண்டிகளில் பங்கு 10 சதவீதமோ அதற்கு மேலோ என்றால்) இரு சக்கரம் 0.75, ஆட்டோ 2.0; கார் 1; 5 சதவீதத்துக்குள் அடங்கும் லோடு வண்டி 1.4. ஆக 315 + 110 + 120 + 14 = 559 பி.சி.யு. (கார் கணக்கு அலகு). இருவழி இரண்டு லேன் கலெக்டர் சாலைக்கு அதே நூல் வைக்கும் வரம்பு மணிக்கு 900. மீதம் 341. நிறைய என்று மயங்காதீர்கள், 450 பைக் வந்தால் தீர்ந்தது. மெயின் ரோட்டு சிக்னலைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி கிடைத்ததென்று மேப் செயலி காட்டத் தொடங்கினால் 450 பைக் ஒரு பொருட்டே இல்லை.

எனவே வாசலில் மட்டும் எண்ணுவது போதாது. புதிதாக எவ்வளவு வரும் என்று தெரிய, மெயின் ரோட்டின் இரண்டு முனைகளில் நின்று வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டு முனையிலும் ஒரே எண் வந்தால், அது உங்கள் தெரு திறந்ததும் உள்ளே புகக்கூடிய வண்டி. 15 நிமிடக் கூறுகளாகக் காலை, மாலை இரண்டு வேளை, செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாள். பள்ளி விடுமுறையில் எண்ணினால் அது வெறும் தாள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அந்தப் பக்கத்து 9 மீட்டர் தெருதான் கழுத்து. இரண்டு பக்கமும் 1.8 மீட்டர் நடைபாதை விட்டால் 5.4 மீட்டர் மிஞ்சும். ஒரு ஓரம் கார் நின்றால் எதிரெதிரே இரண்டு வண்டி கடக்காது. ஒரு தெருவை மட்டும் திறந்து அதற்குக் கலெக்டர் என்று பேர் வைப்பது புனல் வைப்பதற்குச் சமம். எல்லையில் முட்டி நிற்கும் மற்றத் தெருக்களில் குறைந்தது ஒன்றையாவது சேர்த்துத் திறந்தால் சுமை பிரியும். "எங்கள் தெரு வேண்டாம், அடுத்த தெருவைத் திற" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லித்தான் கடைசியில் ஒரே தெரு மாட்டிக்கொள்கிறது.

நாலாவது மெயின்:

இணைக்கும் இடத்தில் இரும்புக் கம்பம் நட்டு நடப்பவர்கள், சைக்கிள் மட்டும் போகும்படி வைத்தால்? மேற்குப் பக்கத் தெரு இங்கிருந்து பார்த்தால் ஒன்றரை அடி தாழ்வாக இருக்கிறது, அதற்கு என்ன செய்வது?

மேன்ஹோல் மூடி:

சைக்கிள் நுழையும் சந்தில் பைக்கும் நுழையும் சார். கம்பம் நட்டால் காரும் லோடு வண்டியும் நிற்கும், உங்கள் கணக்கில் பாதிக்கு மேல் இருக்கும் பைக் நிற்காது. ஆம்புலன்ஸுக்காகக் கழற்றும் கம்பம் வைத்தால் சாவி யாரிடம் என்பது தனிப் பஞ்சாயத்து.

ஒன்றரை அடி என்பது 45 சென்டிமீட்டர். 30-க்கு 1 சரிவு என்றால் 13.5 மீட்டர் நீளம் வேண்டும், அந்த நீளத்துக்குள் யார் வீட்டு கேட்டும் வராமல் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். இத்தனை நாள் அந்தச் சுவர்தான் அணை. எடுத்ததும் முதல் பெருமழையில் மேட்டுத் தெருத் தண்ணீர் மொத்தமும் பள்ளத் தெரு வீடுகளின் வாசலில் நிற்கும், அந்த மக்கள் திரும்பச் சுவர் கட்டச் சொல்வார்கள். நியாயம்தான். சரிவு தொடங்கும் இடத்தில் தெருவின் முழு அகலத்துக்கும் கம்பி வலை மூடிய குறுக்கு வடிகால் போட்டு, அதை மழைநீர் வடிகாலில் சேர்த்த பிறகே சுவரைத் தொட வேண்டும். மேட்டுப் பக்கத்தில் புதுத் தார் போட்டால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 45 என்பது 50 ஆகும்.

12 மீட்டரை எப்படிப் பங்கிடுவது? 7 மீட்டர் வண்டிப்பாதை, இரு பக்கமும் 1.8 நடைபாதை, ஆக 10.6. மிஞ்சும் 1.4-ல் விளக்குக் கம்பம், மரம், மின்வாரியப் பெட்டி எல்லாம். கார் நிறுத்த இடமே இல்லை. வண்டிப்பாதையை 6 ஆக்கி ஒரு பக்கம் 2 மீட்டர் பார்க்கிங் விட்டால் 11.6, அப்போது பீக் அவர் சொன்ன 900-ஐ மறந்துவிட வேண்டும். டேப்பை எடுத்து வீட்டுச் சாய்தளத்திலிருந்து எதிர் வீட்டுச் சாய்தளம் வரை 30 மீட்டருக்கு ஒரு இடத்தில் அளந்து பாருங்கள். தாளில் 12 இருக்கும் தெரு தரையில் 10-க்குக் கீழே இருப்பது சாதாரணம்.

வேகத்தடை ஐ.ஆர்.சி. 99 அளவில்: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 100 முதல் 120 மீட்டருக்கு ஒன்று. கடையில் விற்கும் ரப்பர் பட்டை வேண்டாம். பைக்காரர் அதன் ஓரத்துச் சந்தில் புகுந்து போவார், முதுகு வலி ஆட்டோ பயணிக்குத்தான்.

பீக் அவர்:

கனரக வண்டி பற்றி ஒன்று விட்டுப்போனது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 115-ன்கீழ் தடை போடலாம். ஒரு மாதத்துக்கு மிகாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். திறக்கும் முதல் மாதத்துக்கு அதைக் கேட்டு வாங்கி, நான்காவது வாரம் அதே வாசலில் அதே மணியில் திரும்ப எண்ணுங்கள். தடையை நீட்டிக்கச் சொல்லும் மனுவோடு இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள்.