விடிகாலை நாலு மணிக்கு முள் தெரியுமா: டிரிட்டியம் குழாயா, லூம் பூச்சா?

இரவுப்பணி (திரியைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. வீட்டில் எட்டு மாதக் குழந்தை. கம்பெனி பஸ் 4.40க்குத் தெருமுனைக்கு வந்துவிடும். செல்போனைத் தொட்டால் அந்த வெளிச்சத்தில் குழந்தை எழுந்துகொள்கிறது, அலாரம் அதிர்ந்தாலும் எழுந்துகொள்கிறது. அதனால் தூக்கம் கலையும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி தெரிந்துகொள்ளப் பழகி வருகிறேன்.

என்னிடம் இருப்பது சூப்பர்லூமிநோவா பூசிய ஆட்டோமேட்டிக். வெளிச்சத்தை வாங்கி வைத்து இருட்டில் ஒளிரும் பூச்சு அது, லூம் என்பார்கள். விளக்கை அணைத்ததும் மின்மினி மாதிரி ஜொலிக்கும். நாலு மணிக்குப் பார்த்தால் கறுப்புத் தட்டு. டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த குழாய் வைத்த வாட்ச் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். விலை, என் சம்பளத்தில் பாதி. வீட்டில் சொன்னேன். "ரேடியமா? குழந்தை இருக்கிற வீட்டிலா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

வாங்கலாமா, வேண்டாமா?

பனிக்காலம் (டொராண்டோ)

யோசிக்காமல் வாங்குங்கோ தம்பி. நான் பதினொரு வருசமாக மாரத்தான் மணிக்கூடு ஒன்றைக் கட்டுகிறேன். கனடா இராணுவத்துக்கும் மணிக்கூடு செய்து கொடுக்கிற கம்பெனி அது. இங்கே குளிர்காலத்தில் விடிவதற்கு முன் வேலைக்குப் போய், இருண்ட பிறகு வீடு திரும்புவேன். இடையில் மணிக்கூடு ஜாக்கெட் கைக்குள்ளேயே கிடக்கும். வெளிச்சமே படாத பொருளுக்கு லூம் பூசி என்ன பயன்?

குழாய்க்கு வெளிச்சம் தேவையில்லை. ஊசி மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாய், உள்சுவரில் ஒளிரும் பூச்சு, நடுவில் டிரிட்டியம் வாயு, இரண்டு முனையும் லேசரால் மூடியிருக்கும். டிரிட்டியம் சிதையும்போது வெளிவரும் எலக்ட்ரான் பூச்சில் மோதுகிறது, பூச்சு ஒளிர்கிறது. சுவிஸ் நாட்டில் பெர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் எம்பி மைக்ரோடெக் என்ற கம்பெனி இதைச் செய்கிறது. ட்ரேசர், பால் (Ball), லுமினாக்ஸ் மணிக்கூடுகள் எல்லாவற்றிலும் அவர்களின் குழாய்தான். இரவு பத்து மணிக்கு என்ன வெளிச்சமோ, விடிய நாலு மணிக்கும் அதே வெளிச்சம். உங்களுக்கு வேண்டியது அதுதானே?

லூம்பித்தன்

பதினொரு வருடமா? அப்படியானால் கணக்குப் போட்டுவிடலாம். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 வருடம். உங்கள் குழாயில் இப்போது மிஞ்சியிருப்பது 54 சதவீதம். இருபது வருடம் ஆனால் 32. உள்ளே இருக்கும் பூச்சும் அடி வாங்கி வாங்கிச் சோர்ந்துபோகும், அது தனிக் கணக்கு. வாங்கும்போதே பொருள் கடை அலமாரியில் மூன்று வருடம் தூங்கியிருந்தால் அந்த மூன்று வருட வெளிச்சத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

லூமில் இந்த வம்பே இல்லை. 1993இல் ஜப்பானின் நெமோட்டோ கம்பெனி கொண்டுவந்த ஸ்ட்ரோன்ஷியம் அலுமினேட்தான் இன்றைய எல்லா நல்ல லூமுக்கும் அடிப்படை. அதற்கு முன்பிருந்த துத்தநாக சல்ஃபைடைவிடப் பத்து மடங்கு பிரகாசம். வெளிச்சத்தை விழுங்கி, டிஸ்ப்ரோசியம் உதவியோடு உள்ளே பூட்டி வைத்து, யூரோப்பியம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். தண்ணீர் படாமல் இருந்தால் இருபது வருடம் கழித்தும் முதல் நாள் மாதிரியே வேலை செய்யும்.

இரவுப்பணி சார், கேள்வியை மாற்றிக் கேளுங்கள். லூமுக்கு நீங்கள் எப்போது, எந்த வெளிச்சத்தில் தீனி போடுகிறீர்கள்?

இரவுப்பணி

தனியாக எதுவும் செய்வதில்லை. பகலில் முழுக்கைச் சட்டை. இரவில் படுக்கையறையில் மஞ்சள் எல்இடி ஒன்று, அதுவும் குழந்தைக்காக மங்கலாக.

லூம்பித்தன்

பட்டினி போட்டுவிட்டு ஓடவில்லை என்று மாட்டைத் திட்டுகிறீர்கள். லூமுக்கு வேண்டியது நீலமும் புற ஊதாவும். மங்கலான மஞ்சள் பல்பு அதற்குக் கஞ்சித்தண்ணீர். சீக்கோ (Seiko) கடிகாரக் கம்பெனி லூமிபிரைட் என்ற தன் லூமுக்குச் சொல்லும் கணக்கு இது: 500 லக்ஸுக்கு (வெளிச்ச அளவு) மேற்பட்ட வெளிச்சத்தில் பத்து நிமிடம் வைத்தால் மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஒளிரும். படுப்பதற்கு முன் சமையலறை ட்யூப்லைட்டுக்கு நெருக்கமாகப் பத்து நிமிடம் வையுங்கள், போதும்.

பனிக்காலம்

உங்கட கணக்கையே எடுப்போம். இரவு பத்தரைக்குப் படுக்கிறார். ஐந்து மணித்தியாலம் என்றால் மூன்றரை. அவருக்கு வேண்டியது நாலு. மூன்று மணித்தியாலம் என்றால் ஒன்றரைக்கே கதை முடிந்தது. உங்கட சாட்சியே எங்கட பக்கம்!

பாதி குறைந்தால் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது என்பதையும் சொல்லுங்கோ. என்ர மணிக்கூட்டைப் புதிதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசமே தெரியும். லூம் அப்படியா? முதல் பத்து நிமிடத்திலேயே பெரும்பகுதி கொட்டிப்போகும், மிச்சத்தை வைத்துத்தான் இரவு முழுக்க இழுபறி.

பட்டன் கட்சி

இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே தீர்ந்துபோன பிரச்சினை இது. 1992இல் டைமெக்ஸ் இண்டிக்லோ வந்தது. பட்டனை அழுத்தினால் முழு டயலும் நீலப்பச்சையாக ஒளிரும். சம்பளத்தில் பாதி எதற்கு?

இரவுப்பணி

அண்ணே, ஒரு கையில் குழந்தையின் தலை இருக்கும். பட்டனை அழுத்த இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் பால் பாட்டிலில்.

பட்டன் கட்சி

சரி, நான் வாபஸ்.

இரண்டாம் மேட்

சரக்குக் கப்பலில் வேலை. நள்ளிரவு பன்னிரண்டு முதல் நாலு வரை பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், நிற்பது என் பொறுப்பு. எங்கள் முறைக்கும் வாட்ச் என்றுதான் பெயர், ஆகவே இந்த விவாதத்தில் எனக்கு இரட்டை உரிமை உண்டு.

நீங்கள் இரண்டு பேரும் கடிகாரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், கண்ணைப் பற்றிப் பேசவில்லை. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பழகிய கண்ணுக்கு, பகலில் இருந்ததா இல்லையா என்றே தெரியாத வெளிச்சம்கூடப் போதும். பிரிட்ஜில் ஒருவர் போனைத் திறந்தால் நாங்கள் திட்டுவது அதனால்தான். ஒரு நொடி வெளிச்சம், அரை மணி நேர உழைப்பு போச்சு.

தூங்கி எழுந்தவரின் கண் முழுக்கப் பழகிய கண். அந்த நேரத்தில் சுமாரான லூம்கூட ஏதாவது காட்ட வேண்டும். இவர் கறுப்புத் தட்டு என்கிறார், நம்ப முடியவில்லை. இரவுப்பணி, உண்மையைச் சொல்லுங்கள். வாட்சைப் பார்ப்பதற்கு முன் போனைப் பார்த்தீர்களா?

இன்னொன்று. மங்கலான பொருளை நேராகப் பார்க்காதீர்கள். விழித்திரையின் நட்டநடுவில் இருட்டுக்கான செல்களே கிடையாது. பார்வையைச் சற்றே ஓரமாக, டயலின் விளிம்புக்குப் பக்கத்தில் வையுங்கள். முள் தானாக மேலே எழும்பி வரும். தூரத்து மீன்பிடிப் படகின் விளக்கையும் இப்படித்தான் பிடிக்கிறோம்.

நான் கட்டியிருப்பது குழாய் வாட்ச். புதிதாகத் தீனி தின்ற லூம் முதல் ஒரு மணி நேரம் எனக்குத் தொல்லை, டார்ச் மாதிரி கண்ணைக் குத்தும். குழாய் அடக்கமாக இருக்கும்.

இரவுப்பணி

போனைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும். வாட்ச் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க.

லூம்பித்தன்

மேட் சொன்னதற்கு ஒரு துணை. லூம் நிறங்களில் சி3 பச்சை, பிஜிடபிள்யூ9 நீலப்பச்சை. பச்சைதான் பிரகாசம் என்று எல்லோரும் சி3 பக்கம் ஓடுவார்கள். பகல் கண்ணுக்கு அது உண்மை. ஒரே அளவு ஒளியாற்றல் என்றால் 490 நானோமீட்டர் அலைநீள நீலப்பச்சையைவிட 520 பச்சை மூன்று மடங்குக்கு மேல் பளிச்சென்று தெரியும். இருள் பழகிய கண்ணின் உச்சம் 507 பக்கம். அங்கே இரண்டும் ஏறக்குறையச் சமம். கடையில் விளக்கை அணைத்து அரை நிமிடம் பார்த்துவிட்டு முடிவு செய்பவர்கள் தவறான கண்ணால் பார்க்கிறார்கள்.

பழைய இரும்பு

நாலைந்து நாளாக வரவில்லை, வந்து பார்த்தால் வீட்டம்மா கேட்ட கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். அவர் கேட்டது ரேடியத்தைப் பற்றி.

நம் ஊரில் ஒளிர்வதெல்லாம் ரேடியம். பைக் நம்பர் பிளேட்டில் ஒட்டுவதும் ரேடியம் ஸ்டிக்கர். அதில் ரேடியம் ஒரு துளியும் கிடையாது, விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் தாள்தான். ஆனால் நிஜமாகவே ரேடியம் பூசிய கடிகாரம் ஒரு காலத்தில் இருந்தது. அந்தப் பயம் அர்த்தமில்லாதது இல்லை.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு ஊரில் 1917 முதல் இளம்பெண்கள் ரேடியம் பூச்சால் டயல் எண்களை எழுதினார்கள். தூரிகை முனை கூராக இருக்க உதட்டில் வைத்து ஈரப்படுத்தச் சொல்லியிருந்தார்கள். நாளெல்லாம் அதே வேலை. ரேடியத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பு வாங்கி வைத்துக்கொண்டது. தாடை உதிர்ந்தது, எலும்பு முறிந்தது. கிரேஸ் ஃபிரையர் என்பவர் தலைமையில் ஐந்து பெண்கள் வழக்குப் போட்டு, 1928இல் ஆளுக்குப் பத்தாயிரம் டாலரும் ஆண்டுக்கு அறுநூறு டாலரும் என்று சமரசம் ஆனது. அந்தப் பூச்சைக் கண்டுபிடித்த சொசோக்கியும் அதே ஆண்டு அதே கதிரியக்கத்தால் செத்துப்போனார்.

என்னிடம் 1950 வாக்கில் வந்த தாத்தாவின் சுவிஸ் கடிகாரம் ஒன்று உண்டு. எண்கள் காப்பிப்பொடி நிறத்துக்கு மாறிவிட்டன, துளி வெளிச்சம் இல்லை. செத்துப்போன பூச்சு என்று நினைத்தால் ஏமாந்தோம். செத்தது ஒளிரும் துத்தநாக சல்ஃபைடு மட்டுமே. ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருடம், 97 சதவீதம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதைத் திறந்து சுரண்டக் கூடாது, தூசியை மூச்சில் இழுத்தால் ஆபத்து. பழைய கடிகாரம் வாங்கி மேசையில் கொட்டிப் பிரிக்கும் இளைஞர்கள் கவனிக்கவும்.

லூம்பித்தன்

ஐயா, அதைத்தான் நானும் சொல்கிறேன். குழந்தை இருக்கும் வீட்டில் கதிரியக்கம் எதற்கு?

பழைய இரும்பு

தம்பி, என் வாயில் உங்கள் சொல்லைத் திணிக்காதீர்கள். ரேடியமும் டிரிட்டியமும் புலியும் பூனையும். டிரிட்டியத்தின் எலக்ட்ரானுக்கு அதிகபட்சம் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். தோலின் மேல்படலத்தைக்கூடத் தாண்டாது, கண்ணாடிக் குழாயைத் தாண்டும் பேச்சே இல்லை. டயலில் டி25 என்று போட்டிருந்தால் உள்ளே 25 மில்லிகியூரி (கதிரியக்க அளவு) வரை டிரிட்டியம். எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் நொறுங்கினாலும் அந்த வாயு உடலில் பெரிதாகத் தங்காது. சன்னலைத் திறந்து வைத்தால் போதும். நீரோடு கலந்த டிரிட்டியம்தான் வேறு கதை.

அறுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரை பல சுவிஸ் டயல்களில் டிரிட்டியத்தைப் பூச்சாகவே தடவினார்கள். ஆறு மணிக்குக் கீழே சுவிஸ் என்ற சொல்லின் இரண்டு பக்கமும் டி என்று சின்னதாக இருக்கும். குழாயில் அடைத்ததற்கும் பூச்சில் கலந்ததற்கும் உள்ள வேறுபாடு, டப்பாவில் மூடிய மிளகாய்ப்பொடிக்கும் மேசையில் கொட்டியதற்கும் உள்ள வேறுபாடு.

குழந்தை வாயில் வைக்கும் என்பதுதான் கவலை என்றால், பட்டன் செல் போட்ட ரிமோட்டை முதலில் ஒளித்து வையுங்கள். விழுங்கினால் அதுதான் கொல்லும்.

பனிக்காலம்

ஐயா சொன்னபிறகு எனக்குப் பேச ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: குழாய் மெல்லிய கோடு. கடலில் முக்குளிக்கிறவர்களுக்கான டைவர் மணிக்கூடுகளில் இருக்கிற தடித்த பூச்சுக்கு முன்னால், முதல் மணித்தியாலத்தில் அது நிற்காது.

இரவுப்பணி

ஒரு வாரச் சோதனை முடிவு.

முதல் மூன்று இரவு: ட்யூப்லைட்டுக்கு அடியில் பத்து நிமிடம், போனைத் தொடவில்லை, மேட் சொன்ன ஓரப் பார்வை. நாலு மணிக்கு முள் தெரிந்தது. சாம்பல் மாதிரி, ஆனால் தெரிந்தது. லூம்பித்தன் அண்ணனுக்கு ஒரு புள்ளி.

நாலாம் இரவு: தீனி போட மறந்து தூங்கிவிட்டேன். கறுப்புத் தட்டு. பனிக்காலம் அண்ணைக்கு ஒரு புள்ளி.

ஐந்தாம் இரவு: தீனி போட்டேன். குழந்தை இழுத்ததால் வாட்சைக் கழற்றிப் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். நடுவில் விழித்தேன், முள் நன்றாகவே தெரிந்தது. பத்து நாற்பது. இப்போதுதானே படுத்தோம் என்று நிம்மதியாகத் திரும்பிப் படுத்தேன். பஸ் போய்விட்டது. வாட்ச் தலைகீழாகக் கிடந்திருக்கிறது. அப்போது உண்மையான நேரம் நாலு பத்து. என் டயலில் பன்னிரண்டு குறியும் ஒரே மாதிரிக் கோடு.

இரண்டாம் மேட்

மணி முள் பத்துக்குச் சற்றே தள்ளியும் நிமிட முள் நாற்பதிலும் இருந்திருக்குமே, பொருந்தவில்லையே என்று தோன்றவில்லையா?

இரவுப்பணி

நாலு மணிக்கா?

லூம்பித்தன்

பன்னிரண்டில் முக்கோணம் வைத்த டைவர் டயல் வாங்குங்கள்.

பனிக்காலம்

பன்னிரண்டில் செம்மஞ்சள் குழாய், மற்றதெல்லாம் பச்சை. அப்படி வருகிறது. படம் அனுப்பவோ?

இரவுப்பணி

இரண்டு படத்தையும் அனுப்புங்கள். வீட்டில் காட்டுகிறேன். ரேடியம் பேச்சை மட்டும் ஐயாவின் பதிவை அப்படியே வாசித்துக் காட்டிவிட்டேன். தாடை உதிர்ந்த இடத்தில் எழுந்து போய்விட்டார், மிச்சத்தை இன்னும் கேட்கவில்லை.