கணிதப் பேராசிரியர் நிர்வாக நாற்காலியில் உட்கார்ந்தால்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மீதிச்சுழி
நான் பிஎச்.டி. பாதியில் இருந்தபோது என் கைடைப் பதிவாளராகப் போட்டுவிட்டார்கள். டோபாலஜிக்காரர், வடிவங்களைப் பற்றிய கணிதம். அப்புறம் அவரைப் பார்க்க டபேதாரிடம் சீட்டு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மும்பைக் கருத்தரங்கு ஒன்றுக்குப் பயணப்படி கேட்டு மனு போட்டிருந்தேன். உள்ளே போனால் என் கோப்புதான் மேசையில் விரிந்து கிடக்கிறது. குறிப்புத் தாளின் பின்பக்கம் பென்சிலில் ஒரு படம்: மேலே ஐந்து குலம் (கணிதத்தில் 'குரூப்' என்பது), கீழே ஐந்து குலம், இடையே அம்புக்குறிகள். நடு அம்பு மட்டும் போடவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். தாளைத் திருப்பி, "நிதி இல்லைப்பா, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று நிராகரித்துக் கையெழுத்துப் போட்டார். பணம் போகட்டும். என் மனுவின் முதுகில் அவர் எதை நிரூபித்துக்கொண்டிருந்தார்?

பழைய செக்‌ஷன்காரன்
அந்தப் படம் என்ன தேற்றமோ, எனக்குத் தெரியாது சார். நான் தேர்வுப் பிரிவு. ரிசல்ட் வெளியிடுவதற்கு முன்னால் பாசிங் போர்டு கூடும். தேர்ச்சி எத்தனை சதவீதம் என்று கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு எழுந்து போவதுதான் வழக்கம். அந்தத் துணைவேந்தர் கணிதம். ஒரு தாளுக்கு மட்டும், எந்த மார்க்கில் எத்தனை பேர் என்று பட்டியல் கேட்டார். கிராஃப் பேப்பரில் தன் கையாலேயே வரைந்தார். முப்பதிலிருந்து கம்பிகள் சீராக ஏறி வந்தன. 37, 38, 39 காலி. தேர்ச்சி மதிப்பெண்ணான 40-ல் கோபுரம் மாதிரி ஒன்று நிற்கிறது. "இந்த மூணு மார்க்கும் எங்கே போச்சு?" என்றார். அறையில் இருந்த எல்லாருக்கும் பதில் தெரியும். கருணை மதிப்பெண் கொஞ்சம், திருத்துகிறவர் மனசு கொஞ்சம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரிசல்ட்டில் கையெழுத்துப் போட்டார். கத்தியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

கேளம்பாக்கம் பஸ்
மீதிச்சுழி எழுதியதைப் படித்தால் கணிதக்காரருக்கு நாற்காலி தண்டனை என்று தோன்றும். சி.எஸ். சேஷாத்ரியை எங்கே வைப்பீர்கள்? காஞ்சிபுரத்தில் பிறந்தவர். 1965-லேயே அவர் பெயரையும் தாங்கிய நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் வந்தாயிற்று. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் முப்பது வருஷம் இருந்துவிட்டு 1984-ல் சென்னைக்கு வந்தார். 1989-ல், 57 வயதில், இன்று சென்னை கணிதவியல் நிறுவனம் என்கிறோமே, அதைத் தொடங்கினார். ஆரம்பத்தில் ஸ்பிக் உர நிறுவனத்தின் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் இருந்தது. 2010 வரை இயக்குநர். கணிதத்தையும் விடவில்லை, பாட்டையும் விடவில்லை.

என் கதை சின்னது. 1998-ல் அங்கே இளநிலைப் படிப்பு ஆரம்பித்த புதிதில் எனக்குச் சேர ஆசை. பட்டம் தருவது போபாலில் இருக்கும் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். விவரத்தாளில் அந்த வரியில் அப்பா விரலை வைத்தார். "பாடம் மெட்ராஸில், பட்டம் போபாலிலா?" விரலை எடுக்கவே இல்லை. நான் இன்ஜினியரிங் போனேன். 2006-ல் அதுவே நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இடைப்பட்ட வருஷங்களில் அந்த அங்கீகாரத்துக்காக எத்தனை கோப்பு நகர்ந்திருக்கும்! அதை ஒரு கணித மேதை தலையில் சுமந்ததை யாரும் தேற்றமாக எண்ணுவதில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்
சேஷாத்ரி கட்டியது தன் சொந்த வீடு. மற்றவர்கள் போய் உட்கார்வது வாடகை வீட்டில். இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள். அசுதோஷ் முகர்ஜியும் கணிதம்தான். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்துகொண்டே 1906 முதல் 1914 வரை கல்கத்தா பல்கலைக்கழகத்தைத் துணைவேந்தராக நடத்தினார், 1921-ல் மறுபடி வந்தார். நிதித் துறை வேலையில் இருந்த சி.வி. ராமனைப் பேராசிரியர் பதவிக்கு இழுத்தவரும் அவரே. மறுபக்கம், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2013-ல் நான்காண்டுப் பட்டப்படிப்பு கொண்டுவந்த துணைவேந்தர் தினேஷ் சிங்கும் கணிதம். அடுத்த வருஷமே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தாளில் சரியாக வருவது செனட்டில் சரியாக வராது.

இளம் பேராசிரியர்களுக்குச் சொல்கிறேன். டீன் பதவி வந்தால் ஒரு வகுப்பையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள், காலை முதல் பீரியடாக இருக்கட்டும். பத்து மணிக்கு மேல் உங்கள் நேரம் உங்களுடையது இல்லை. ஆராய்ச்சி மாணவர்களை முதல் மாதமே வேறு கைடிடம் மாற்றிவிடுங்கள். கோப்பில் "பேசவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பாதீர்கள், அது திரும்பி வராது. சிண்டிகேட்டில் எதையும் நிரூபிக்கப் போகாதீர்கள், அங்கே கை தூக்குவதுதான் நிரூபணம். பதவி முடிந்து துறைக்குத் திரும்பும்போது எளிமையான பாடமாகக் கேட்டு வாங்குங்கள். மூன்று வருஷத்தில் கை மறந்துபோகும். நூலகப் புத்தகங்களை முதலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓய்வு பெறும் அன்று 'பாக்கி இல்லை' என்ற நோ டியூஸ் சான்று கிடைக்காது.

பழைய செக்‌ஷன்காரன்
எல்லாம் சரி ஐயா. நீங்கள் பார்த்தது என்ன? அதைச் சொல்லவே இல்லையே.

ஓய்வுபெற்ற வாத்தியார்
பக்கத்து அறையில் என்னோடு டீ குடித்தவர்தான் துணைவேந்தர் ஆனார். என் பதவி உயர்வுக் கோப்பில் "பேசவும்" என்று எழுதினார். போதுமா?