பி0171 கோடு வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். என்னுடையது 2006ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார். சில வாரங்களாகச் செக் என்ஜின் விளக்கு அணையாமல் எரிகிறது. வண்டி நின்றபடி ஐடிலிங்கில் இருக்கும்போது லேசாக உதறுகிறது. ஓடத் தொடங்கிவிட்டால் எந்தக் குறையும் தெரிவதில்லை. காரின் கணினியில் பதிவான பழுதைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகிக் கைப்பேசியில் பார்த்ததில் பி0171 என்ற பழுதுக் கோடு (குறியீட்டு எண்) வந்தது. பழுது பார்ப்பவர் கோடைக் கேட்டவுடனேயே ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார். வாங்குவதற்கு முன் வீட்டிலேயே உறுதிசெய்துகொள்ள வழி உண்டா?

பதில்:
தயவுசெய்து இப்போது எதையும் வாங்காதீர்கள். பி0171 என்பது என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. அந்தக் குறையைக் கண்டுபிடித்துச் சொன்னதே பெரும்பாலும், வெளியேறும் புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார்தான். சேதி சொன்னவனையே குற்றவாளியாக்கி நல்ல சென்சாரைக் கழற்றி எறிவது மிகச் சாதாரணமாக நடக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃபிரேம் விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்த நேரத்தில் வேகம், ஆர்பிஎம், என்ஜின் வெப்பம் எவ்வளவு இருந்தன என்பது அதில் பதிவாகியிருக்கும்; அழித்தால் அதுவும் போய்விடும். பிறகு என்ஜின் நன்றாகச் சூடேறியபின், ஐடிலிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் ஃபியூயல் ட்ரிம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். உங்கள் வண்டியில் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருக்கிறது. லாங் டெர்ம் ட்ரிம் ஐடிலிங்கில் +18 சதவீதம், 2500 ஆர்பிஎம்மில் +4 சதவீதம்.

பதில்:
இது மிகத் தெளிவான அறிகுறி. ட்ரிம் என்பது கலவையைச் சரிக்கட்ட ஈசியு (என்ஜினை இயக்கும் கணினி) கூட்டும் அல்லது குறைக்கும் பெட்ரோலின் அளவு. பொதுவாக அது பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி எங்கோ ஓர் ஓட்டை வழியாக, அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. ஐடிலிங்கில் த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் கதவு) ஏறக்குறைய மூடியிருப்பதால் உறிஞ்சும் விசை அதிகம், என்ஜினுக்குத் தேவையான காற்றோ குறைவு. ஆகவே அந்தச் சிறு கசிவே பெரும்பங்காகிவிடுகிறது. வேகம் கூடியதும் அது மொத்தக் காற்றில் கரைந்துபோகிறது. இதற்கு நேர்மாறாக, வேகமும் பளுவும் கூடக்கூட ட்ரிம் ஏறியிருந்தால், ஃபியூயல் பம்ப்பையோ ஃபில்டரையோ அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சாரையோ சந்தேகிக்கச் சொல்லியிருப்பேன்.

என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, இன்டேக் மேனிஃபோல்டில் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) வந்து சேரும் ஒவ்வொரு ரப்பர் குழாயையும் விரலால் வளைத்துப் பாருங்கள். பிசிவி குழாய் (என்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோவது), பிரேக் பூஸ்டர் குழாய், த்ராட்டிலுக்கு முன்னுள்ள பெரிய காற்றுக் குழாயின் மடிப்புகள் ஆகியவற்றில் தொடங்கலாம். ஓடும் என்ஜின்மேல் கார்புரேட்டர் கிளீனர் அடித்துச் சோதிக்கச் சொல்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட்டில் பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் அதைச் செய்யாதீர்கள். கண்ணுக்குப் படவில்லை என்றால் புகை செலுத்திப் பார்க்கும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொருவர்:
ஒரே ஒரு எச்சரிக்கை. விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னத் தொடங்கினால், மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) கடுமையாகி, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சேதப்படுத்துகிறது என்று பொருள், வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கிடைத்துவிட்டது. பிசிவி வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் முழங்கைக் குழாயின் அடிப்பக்கம். மேலிருந்து பார்த்தால் புதிதுபோல் இருக்கிறது. கைக்கண்ணாடியைக் கீழே பிடித்து அழுத்தியபோதுதான் விரிசல் வாயைத் திறந்தது. ரப்பர் எண்ணெயில் ஊறிக் கொழகொழவென்றிருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் ரேடியேட்டர் குழாய்த் துண்டைப் போடலாமா?

பதில்:
வேண்டாம். அந்த ரப்பர் எண்ணெய் ஆவியைத் தாங்காது, விரைவில் உப்பிவிடும். அதே வண்டிக்கான பிசிவி குழாயையே வாங்கி மாட்டுங்கள். பிறகு கோடை அழித்துவிட்டு வழக்கம்போல் ஓட்டி, ஐடிலிங் ட்ரிம்மை மறுபடி பாருங்கள். ஓபிடி வழியாகவும் பார்க்கும் வாகன மாசுப் பரிசோதனை நெருங்கியிருந்தால் கோடை அழித்த கையோடு போகாதீர்கள். ஈசியு தன் உட்சோதனைகளை முடிப்பதற்குள் போனால், வண்டி இன்னும் தயாராகவில்லை என்றே அங்கே காட்டக்கூடும்.