மதுவில்லா விஸ்கியில் காக்டெய்ல் கலந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

பிரிக்பீல்ட்ஸ் தங்கை:
கல்லீரல் கெட்டு அண்ணன் குடியை விட்டு 8 மாதம். தீபாவளியன்று எல்லார் கையிலும் கிளாஸ் இருக்க, அவர் மட்டும் சிராப்போடு ஓரமாக நிற்கக் கூடாது என்றுதான் அந்த பாட்டிலை வாங்கினேன். ஓல்ட் ஃபேஷன்ட் என்ற காக்டெய்ல் கலந்தேன்: மதுவில்லா விஸ்கி 60 மில்லி, சீனிப்பாகு, இரண்டு சொட்டு பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு), ஆரஞ்சுத் தோல். நிறம் அச்சு அசல் விஸ்கி. அண்ணன் ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார், தொண்டையில் அந்தச் சூடு இறங்கட்டும் என்று. இறங்கவில்லை. "நல்லாதான் இருக்கு பாப்பா" என்று கிளாஸை என் கையிலேயே கொடுத்துவிட்டார். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பட்டர்வொர்த் அக்கா:
எனக்கும் ஆனது. அதே மதுவில்லா விஸ்கியில் எலுமிச்சை பிழிந்து விஸ்கி சவர் கலந்தேன். பினாங்கு வெயிலில் ஐஸ் கரைய, பத்தே நிமிடத்தில் கலர் தண்ணீர். மிச்சத்தை அலமாரியில் வைத்து மறந்துபோனேன். பிறகு எடுத்துப் பார்த்தால் மேலே வெள்ளையாக ஆடை மிதக்கிறது! கெடாமல் காக்க உள்ளே மதுவே இல்லையே. திறந்தால் ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

செந்தூல்காரன்:
தங்கச்சி, கோபிக்காதே, பிட்டர்ஸ் ஊற்றியது தப்பு. அங்கோஸ்துரா பிட்டர்ஸில் 44.7 சதவீதம் மது. ஸ்காட்ச் விஸ்கியே 40இல்தான் ஆரம்பம். இரண்டு சொட்டுதானே என்பாய். கல்லீரல் கெட்டவருக்குச் சொட்டுக் கணக்கெல்லாம் வேண்டாம். மதுவில்லா விஸ்கி பாட்டிலில் மது 0.0 சதவீதம் என்று போட்டிருக்கிறதா, 0.5க்குள் என்றா, அதையும் பார். முதலில் டாக்டரைக் கேள், அப்புறம் அண்ணனையே கேள். என் அப்பா விட்ட பிறகு வீட்டில் அந்தக் கனமான கிளாஸ்களையே எடுத்துவிட்டோம். பங்சாரில் ஒரு கல்யாண விருந்தில் பக்கத்து மேசையில் ஐஸ் குலுங்கிய சத்தத்துக்கே அப்பா திரும்பிப் பார்த்தார். வாசமும் சத்தமும் போதும், ஆசை கிளம்பிவிடும். விஸ்கி மாதிரி எதுவுமே வேண்டாம் என்பேன்.

ஜார்ஜ்டவுன் தம்பி:
அண்ணே, பிட்டர்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எல்லாரும் உங்கள் அப்பா மாதிரி இல்லை. என் மாமாவுக்குக் கையில் ஒரு கிளாஸ் இல்லாவிட்டால்தான் தவிப்பு. பிரிக்பீல்ட்ஸ் அக்கா, உங்கள் அண்ணன் தேடியது அந்தக் காரத்தை. மிளகாய் சுடும் அதே நரம்பைத்தான் மதுவும் சுடவைக்கிறது. அதனால் காரத்தை நாமே சேர்க்கலாம். நான் மதுவில்லா விஸ்கியே வாங்குவதில்லை. லப்சாங் சூச்சோங் தேயிலையைக் கெட்டியாக இறக்குவேன், அதில் விறகுப் புகை வாசம் உண்டு. ஒரு துண்டு இஞ்சியும் நாலைந்து மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டி, குலா மலாக்கா (தென்னை வெல்லம்) கரைத்து, லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை ஒன்று பிழிவேன். ஐஸ் ஒரே பெரிய கட்டி, அது மெதுவாகக் கரையும். முதல் மிடறிலேயே மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது. நெஞ்சைத் தடவிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் ஊத்துடா" என்றார்.