ஊருக்குள் ஸ்னோமொபைல் ஓட்டியதற்கு எச்சரிக்கைத் தாள்: நான் மீறிய விதி எது?

கேள்வி (புதிய வடக்கன்)

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நெடுங்காலம் வாழ்ந்த நாங்கள், வேலை மாற்றம் காரணமாகக் கடந்த கோடையில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே ஒரு சிற்றூருக்குக் குடிவந்தோம். இங்கே குளிர்காலத்தில் காருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கிடூ (பனியில் சறுக்கி ஓடும் ஸ்னோமொபைல் வண்டி) நிற்காத வீடு அரிது. நாங்களும் பழைய ஸ்னோமொபைல் ஒன்றையும், முன்புறத்தில் பனி தள்ளும் தகடு பூட்டிய ஏ.ரி.வி. (கரடுமுரடான நிலத்திலும் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஒன்றையும் வாங்கினோம். வாங்கி ஆறு நாட்களுக்குள் இரண்டையும் என் பெயரில் பதிந்தேன், காப்புறுதி எடுத்தேன், ஸ்னோமொபைல் பாதைகளுக்கான பருவகால அனுமதியையும் பணம் கட்டிப் பெற்றேன்.

சென்ற சனிக்கிழமை வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளியுள்ள பெற்றோல் நிலையத்துக்கு ஸ்னோமொபைலில் போய் வந்தேன். வந்த கையோடு, பயிற்சி முடித்து ஸ்னோமொபைல் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் என் பதினான்கு வயது மகன், எதிர்ப்பக்கத்தில் தொடங்கும் பாதைக்குப் போவதற்காக அதே வண்டியில் தெருவைக் கடந்தான். அவ்வழியாக வந்த காவல் அதிகாரி இருவரையும் நிறுத்தி, இரண்டு எச்சரிக்கைத் தாள்களை எழுதித் தந்தார். தண்டப்பணம் இல்லை என்பது மட்டுமே ஆறுதல். என்னுடைய தாளில் நகரசபைத் துணைவிதியின் இலக்கமும், மகனுடையதில் மாகாணச் சட்டத்தின் பிரிவும் இருக்கின்றனவே தவிர விளக்கம் எதுவும் இல்லை.

எல்லா ஆவணங்களும் கையில் இருக்க நாங்கள் செய்த தவறு என்ன? பக்கத்து வீட்டுப் பாட்டியின் ட்றைவ்வேயில் பனி ஒதுக்கிக் கொடுக்க ஏ.ரி.வி.யைக் கொண்டுபோவதும் தவறாகிவிடுமா?

பதில் 1 (ஏரிக்கரை)

வீணாகக் கவலைப்படாதீர்கள். 2021 சனவரி முதல் மாகாண விதி மாறிவிட்டது. நகரசபை தடை போடாத தெருக்களில் தாராளமாக ஓட்டலாம். எங்கள் ஊரில் எல்லோரும் ஓட்டுகிறார்கள். அந்த அதிகாரிக்கு அன்று வேறு வேலை இருக்கவில்லை போலும்.

பதில் 2 (சட்பரி அக்கா)

ஏரிக்கரை சொல்லும் மாற்றம் உண்மையானது, ஆனால் அது ஏ.ரி.வி. முதலான சாலை சாரா வாகனங்களுக்கு உரியது. அதுவும் மாகாணம் பட்டியலிட்டுள்ள நகரசபைகளின் தெருக்களுக்கே பொருந்தும். பட்டியலில் இல்லாத ஊரில், நகரசபை துணைவிதி இயற்றி அனுமதித்தால்தான் ஓட்ட முடியும். ஸ்னோமொபைலுக்கு வேறு சட்டம் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள்.

தம்பி, உங்கள் மகனின் தாளுக்குக் காரணம் தெளிவானது. பன்னிரண்டு வயதில் பயிற்சி முடித்துப் பெறும் அனுமதிப்பத்திரம் பாதைகளில் ஓட்டுவதற்குப் போதும். ஆனால் அனுமதியுள்ள தெருவில் ஓட்டுவதற்கும், தெருவைக் குறுக்கே கடப்பதற்கும்கூடப் பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும். கடந்து போனது பத்து அடிதான் என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு வாதமே அல்ல. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பாதையும் இடையிடையே சாலைகளைக் குறுக்கறுத்துத்தான் செல்லும். அந்த இடங்களிலும் வண்டியை நீங்கள்தான் கடத்திக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் பணம் கட்டிய பருவகால அனுமதி, ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பு பராமரிக்கும் பாதைகளுக்கு மட்டுமே உரியது; ஊர்த் தெருவில் அந்த அனுமதி ஒட்டுத்தாளுக்கு எந்த மதிப்பும் கிடையாது. தெருவை ஆள்வது நகரசபை. ஸ்னோமொபைலை எந்தத் தெருவில், எந்த நேரத்தில் விடலாம் என்று வரையறுக்கவும், முழுவதுமாகத் தடுக்கவும் மாகாணச் சட்டமே அதற்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. வீட்டிலிருந்து பாதைக்கு மிகக் குறுகிய வழியில் போய்வர மட்டும் இடமளிக்கும் ஊர்கள் பல உண்டு. உங்கள் ஊரும் அப்படியானால், பெற்றோல் நிலையப் பயணமே மீறலாகிவிடும். துணைவிதியின் பிரதியை நகரசபை எழுத்தரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பதில் 3 (பழைய மெக்கானிக்)

தெருவில் எந்தப் பகுதியில் ஓட்டினீர்கள் என்பதும் முக்கியம். பொதுச் சாலையை ஒட்டிப் போகும்போது, வாகனங்கள் ஓடும் பகுதியையும் பனி ஒதுக்கப்பட்ட ஓரத்தையும் விட்டு விலகி, அவற்றுக்கு அப்பாலுள்ள பனிப்பரப்பில் ஓட்ட வேண்டும் என்றே மாகாணக் கையேடு சொல்கிறது. அனுமதி இருக்கும் இடத்திலும், சாலையின் வேக எல்லை 50 கி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் உங்கள் வேகம் மணிக்கு 20 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. கடக்கும்போது முழுமையாக நிறுத்தி, இருபுறமும் பார்த்து, ஏறத்தாழ 90 பாகைக் கோணத்தில் நேராகக் கடக்க வேண்டும்.

சட்டத்தை விடுங்கள், வண்டிக்கே அது ஆகாது. சறுக்குக் கட்டைகளின் அடியில் இருக்கும் கார்பைட் கம்பி வெறும் தாரில் கர்ரென்று உரசும்போது, கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நினைத்த பக்கம் திரும்பாது. வண்டியைத் தள்ளும் ரப்பர்ப் பட்டியின் உட்புறத்தில் தண்டவாளம் போல ஓடும் பிளாஸ்டிக் பட்டைகளைக் குளிரவைப்பது பனிதான். பனியில்லாத் தெருவில் கொஞ்ச தூரம் ஓடினாலே அவை சூடேறி இளகிவிடும். நான்கு தெரு போய் வந்திருக்கிறீர்கள். வண்டியைச் சாய்த்து அந்தப் பட்டைகளை ஒருமுறை பாருங்கள். சத்தம் குறைக்கும் குழாயை முந்திய உரிமையாளர் மாற்றியிருக்கிறாரா என்பதையும் கவனியுங்கள், அதுவும் குற்றம்தான்.

புதிய வடக்கன்

மிக்க நன்றி அக்கா, ஐயா. பட்டையின் ஒரு முனை உண்மையிலேயே உருகி வழிந்து, ஆறிய மெழுகு போல இறுகியிருக்கிறது. நான் ஓட்டியதும் தெருவின் நடுவில்தான். ஓரத்தில் பனிக்குவியல் இடுப்பளவு இருந்ததால் வேறு வழி தெரியவில்லை. ஏ.ரி.வி. பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்குச் சக்கரத்துக்குப் பதிலாகப் பட்டி பூட்டினால் ஸ்னோமொபைல் பாதையில் ஓடலாம் என்று ஒருவர் சொன்னார்.

பதில் 4 (சட்பரி அக்கா)

அவர் சொன்னதை நம்பாதீர்கள். பட்டி பூட்டினாலும் ஏ.ரி.வி. ஏ.ரி.வி.தான்; கூட்டமைப்பின் பாதைகளில் அதற்கு இடமில்லை. தெருவில் ஓடத் தகுதிபெறும் ஏ.ரி.வி. என்பதற்கு மாகாண விதி தரும் வரையறையே, தரையைத் தொடும் நான்கு குறைந்த காற்றழுத்தச் சக்கரங்கள் என்றிருக்கிறது. பட்டி பூட்டினால் உங்களுக்குப் பாதையும் கிடைக்காது, தெருவும் கிடைக்காது.

உங்கள் ஊர் அனுமதிக்கும் தெருவென்றால், பதினாறு வயது நிரம்பி, குறைந்தது ஜி2 (கார்) அல்லது எம்2 (மோட்டார் சைக்கிள்) என்ற இரண்டாம் நிலை அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர், தலைக்கவசத்துடன், முன் பின் விளக்குகள் எரிய, போக்குவரத்து செல்லும் திசையிலேயே சாலையின் ஓரத்தில் ஓட்டலாம். வேக எல்லை ஸ்னோமொபைலுக்குச் சொன்னதேதான். நடைபாதையில் ஏற வேண்டாம். பாட்டிக்குப் பனி ஒதுக்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது: தள்ளிய பனியைத் தெருவில் கொண்டுபோய்க் குவிப்பது நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி தவறு. அவர் முற்றத்திலேயே குவித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். குடித்துவிட்டு இவற்றில் எதை ஓட்டிப் பிடிபட்டாலும், பறிபோவது உங்கள் கார் அனுமதிப்பத்திரம்.

புதிய வடக்கன்

நகரசபைக்குப் போய் வந்தேன். எழுத்தர் துணைவிதியின் பிரதியுடன், தெருக்களுக்கு நிறம் தீட்டிய வரைபடம் ஒன்றையும் தந்தார். அக்கா கணித்தது சரியே: எங்கள் ஊரிலும் வீட்டிலிருந்து பாதைக்குக் குறுகிய வழி மட்டுமே, அதுவும் இரவு பதினொரு மணி வரைதான். பெற்றோல் நிலையத்துக்குப் பின்பக்கமாகப் பாதையிலிருந்தே ஒரு கிளை வருகிறது. இத்தனை நாளாக எனக்கு அது தெரியவில்லை. ஏ.ரி.வி.க்கு எங்கள் தெருவில் தடை இல்லை. பாட்டியின் முற்றத்தில் நேற்றே பனி ஒதுக்கியாயிற்று.

இன்று காலை வண்டியை நான் மறுபுறம் கடத்தி நிறுத்தினேன். மகன் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சற்றே தூக்கிவைத்தபடி, தெருவை நடந்து கடந்து வந்து ஏறிக்கொண்டான்.