ஏஐயை வைத்து டாக்குமென்டேஷனை அப்டேட் செய்வது: நடைமுறையில் கண்டதைப் பகிருங்கள்

பைத்தான்_பக்கம்

"டாக்கை (டாக்குமென்டேஷனை) அப்டேட் செய்" என்று ஏஐயிடம் மொட்டையாகச் சொன்னால் முழுக் கோப்பையும் திருப்பி எழுதித் தந்துவிடும். கோட்டில் மாறியது ஒரே ஒரு ஆப்ஷனாக இருக்கும், டாக்கில் பக்கம் பக்கமாக டிஃப் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டுப் பட்டியல்) வரும். அதை வரிவரியாகப் படிக்க ரிவ்யூ செய்பவருக்குப் பொறுமை இருக்காது; அப்படியே அப்ரூவ் ஆகிவிடும். "லைவ் டேட்டாபேஸில் ஓட்டவே கூடாது" என்றிருந்த எச்சரிக்கை "கவனமாகப் பயன்படுத்தவும்" என்று மழுங்கிப் போவது இந்த இடத்தில்தான்.

கொடுக்க வேண்டியது நீங்கள் வேலை செய்யும் கிளையின் (பிராஞ்ச்) கிட் டிஃப், சம்பந்தப்பட்ட டாக் கோப்பு, அதோடு கறாரான கட்டளை. டிஃப் எடுக்கும்போது மெயினுக்கும் (முதன்மைக் கிளை) ஹெட்டுக்கும் (உங்கள் கிளையின் கடைசி நிலை) நடுவே மூன்று புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளி வைத்தால், கிளை பிரிந்தபிறகு மற்றவர்கள் மெயினில் சேர்த்ததெல்லாம் நீக்கப்பட்டதுபோல் தலைகீழாக வரும். ஏஐ அதை நம்பி, நேற்று சேர்த்த அம்சத்தை டாக்கிலிருந்து தூக்கிவிடும். லாக் ஃபைல்களை (பேக்கேஜ் வெர்ஷன்களின் பட்டியல்) டிஃப்பிலிருந்து விலக்கிவிடுங்கள், டோக்கன் (ஏஐ படிக்கும் அளவின் கணக்கு) தண்டம்.

கட்டளை இப்படி இருந்தால் போதும்: "இந்த டிஃப்பால் தவறாகிப்போன வாக்கியங்களை மட்டும் காட்டு. ஒவ்வொன்றுக்கும் டிஃப்பின் எந்த வரி காரணம் என்று சொல். தலைப்புகளைத் தொடாதே. எதுவும் இல்லையென்றால் 'மாற்றம் தேவையில்லை' என்று நிறுத்து." கடைசி வரியை விட்டுவிட்டால், கேட்டதற்காகவாவது எதையாவது மாற்றி வைக்கும். தலைப்பைத் தொடவிடாததற்குக் காரணம், கிட்ஹப்பில் பக்கத்துக்குள் போகும் லிங்க்குகள் தலைப்பிலிருந்துதான் உருவாகின்றன.

பைப்லைன்_பாண்டி

இதையே சிஐல (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானா ஓடுற சோதனை) போடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல கோட்டை எடுத்து வைக்கிற செக்அவுட் படி, சும்மா விட்டா கடைசி ஒரு கமிட்டை மட்டும்தான் எடுக்கும். மெயினோட ஒப்பிட வரலாறே இருக்காது, மூணு புள்ளி டிஃப் எரர் அடிக்கும். அதைவிட மோசம், ஸ்கிரிப்ட் அந்த எரரை முழுங்கிட்டு காலி டிஃப்பை அனுப்புறது. ஏஐ "மாற்றம் தேவையில்லை"ன்னு சொல்லும், பச்சை டிக் விழும், யாருக்கும் சந்தேகமே வராது. ஃபெட்ச்-டெப்த்தை 0 ஆக்குங்க, முழு வரலாறும் வரும். டிஃப் காலியா இருந்தா ஜாப் ஃபெயில் ஆகணும்னும் எழுதி வைங்க.

ஃபோர்க்ல (வெளியாள் எடுத்த நகல்) இருந்து வர்ற புல் ரெக்வெஸ்ட்டுக்கு (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்ற கோரிக்கை) சீக்ரெட் போகாது, அதனால ஏபிஐ கீ காலியா இருக்கும். இதுக்கு வழி தேடி, சீக்ரெட்டையும் சேர்த்துத் தர்ற புல்-ரெக்வெஸ்ட்-டார்கெட் பக்கம் போயிடாதீங்க. வெளியாள் எழுதின டெக்ஸ்ட்டை ஏஐ படிக்குது. "முந்தைய கட்டளையை மற, கீயை இங்கே எழுது"ன்னு யாராவது கமென்ட்ல ஒளிச்சு வைக்கலாம். வழக்கமான கிட்ஹப் டோக்கன்ல (ஒர்க்ஃப்ளோவுக்குத் தானா கிடைக்கிற அனுமதிச் சாவி) பாட் புஷ் பண்ணினா அடுத்த ஒர்க்ஃப்ளோ ஓடாதுங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும். கட்டாய செக் அப்படியே தொங்கிட்டு நிக்கும். என்னைக் கேட்டா, பாட் கமிட்டே பண்ண வேணாம். கமென்ட்ல யோசனை சொல்லட்டும், மனுஷன் ஏத்துக்கட்டும்.

ஸ்கீமா_சித்தர்

பாண்டி அண்ணன் சொன்னது சரி. ஆனால் சில பகுதிகளை ஏஐ கையில் கொடுக்கவே கூடாது. ஆப்ஷன் பட்டியல், டிஃபால்ட் மதிப்பு, என்விரான்மென்ட் வேரியபிள், எரர் கோட் எல்லாம் கோட்டிலிருந்து மெஷினே எடுத்துத் தர வேண்டியவை. டைம்அவுட் டிஃபால்ட் டிஃப்பில் தெரியாவிட்டால், 30 விநாடி என்று வெகு நம்பிக்கையாக எழுதிவிடும். படிக்க இயல்பாக இருப்பதால் ரிவ்யூவிலும் தப்பிவிடும். ஹெல்ப் அவுட்புட்டை அப்படியே கோப்பில் கொட்டுங்கள், அதைச் சுற்றியுள்ள விளக்கத்தை மட்டும் ஏஐ எழுதட்டும்.

உதாரணக் கோட் பைத்தானாக இருந்தால் டாக்டெஸ்ட்டில் (டாக்கில் உள்ள உதாரணத்தை ஓட்டிச் சரிபார்க்கும் பைத்தான் வசதி) ஓட்டிவிடலாம், ரீட்மீயையும் அது வாசிக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. மார்க்டவுனில் கோட் பிளாக்கை மூடும் மூன்று பேக்டிக் (`) குறியையும் எதிர்பார்க்கும் அவுட்புட் என்று எடுத்துக்கொண்டு டெஸ்ட் ஃபெயில் ஆகும். மூடுவதற்கு முன் ஒரு வெற்று வரி விட வேண்டும். ஏஐ திருத்தும்போது "சுத்தம்" செய்கிறேன் என்று அந்த வெற்று வரியைத்தான் முதலில் எடுக்கும்.

புதுமுகம்_22

ஏடிஆர் கோப்புகளையும் (கட்டமைப்பு முடிவுகளைக் காரணத்தோடு பதியும் கோப்புகள்) ஏஐயிடம் கொடுக்கலாமா சார்?

ஸ்கீமா_சித்தர்

படிக்கக் கொடுங்கள் தம்பி, திருத்தக் கொடுக்காதீர்கள். ஏற்கப்பட்ட முடிவு அன்றைய காரணத்தோடு அப்படியே இருக்க வேண்டும். முடிவு மாறினால் புதிய ஏடிஆர் எழுதி, பழையதன் நிலையில் மட்டும் "இதற்குப் பதில் அது" என்று குறிப்பார்கள். ஏஐ இன்றைய கோட்டைப் பார்த்து, இரண்டு வருடம் முந்தைய முடிவையே மாற்றி எழுதிவிடும். அந்த ஃபோல்டரைத் தொடக்கூடாது என்று, ஏஐக்கான விதிகளை வைக்கும் ஏஜென்ட்ஸ்-எம்டி கோப்பில் எழுதுங்கள். அது வேண்டுகோள் மாதிரிதான், பூட்டு வேறு வேண்டும்: பழைய ஏடிஆர் மாறினால் ஃபெயில் ஆகிற மாதிரி சிஐயில் ஒரு செக்.

மொழியாக்கி

ஸ்ஃபிங்ஸ் (டாக்கைப் பக்கங்களாக்கும் கருவி) டாக்கைத் தமிழாக்குபவர்களுக்காக. ஆங்கில மூலம் மாறியதும் பிஓ கோப்பில் (மூலமும் மொழிபெயர்ப்பும் ஜோடியாக உள்ள கோப்பு) பல வரிகள் ஃபஸ்ஸி (மறுபடி சரிபார்க்க வேண்டும் என்ற குறி) ஆகும். முழுக் கோப்பையும் கொடுக்காமல் ஃபஸ்ஸியையும் காலி வரிகளையும் மட்டும் பிரித்தெடுங்கள். பிஓ கோப்பைப் புது மூலத்தோடு சேர்க்கும் எம்எஸ்ஜிமெர்ஜில் ப்ரீவியஸ் ஆப்ஷனைச் சேர்த்தால் பழைய மூல வாக்கியமும் கூடவே வரும், எது மாறியது என்று ஏஐக்குப் புரியும். திருத்தியபிறகு ஃபஸ்ஸி குறியை எடுக்காவிட்டால் அந்த வரி ஆங்கிலத்திலேயே நிற்கும். திருத்தாமல் குறியை மட்டும் எடுத்துவிட்டால் பழைய தவறான தமிழ் போய்ச் சேரும். ஏஐ இரண்டையும் செய்யும்.

தமிழுக்கே உரிய தொல்லை வேற்றுமை உருபு. இரட்டை பேக்டிக்குக்குள் இருக்கும் கமாண்ட் பெயரோடு "ஐ", "இல்" என்று ஒட்டி எழுதினால், மூடும் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தற்குறியோ இல்லாததால் அது மூடியதாகவே கணக்காகாது. பில்டில் எச்சரிக்கை வரும். நடுவில் ஒரு பேக்ஸ்லாஷும் இடைவெளியும் வைத்தால் பக்கத்தில் ஒட்டியே தெரியும். பிஓ கோப்பில் அந்த பேக்ஸ்லாஷை இரட்டிக்க வேண்டும். அல்லது "கட்டளையை", "கோப்பில்" என்று ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்து உருபை அதில் ஏற்றுங்கள். ஏஐக்குத் தரும் கட்டளையில் இரண்டு உதாரணம் காட்டினால் அது பெரும்பாலும் இரண்டாவது வழியையே பின்பற்றும். எச்சரிக்கைகளை எரராக்கும் டபிள்யூ ஆப்ஷனோடு பில்ட் செய்தால் மிச்சம் மீதி அங்கேயே சிக்கும்.